ஆளில்லாக் கடல்

தாம்பரத்துக் கல்யாண வீட்டுக்கு வந்து இறங்கியவனுக்கு முதல் நாள் கிடைத்தது பூட்டிய கதவும், எதிர்வீட்டு அம்மா கொண்டுவந்து கொடுத்த ஆறிப்போன பொங்கலும்தான். பந்தல்காரர் பாதி கட்டிய பந்தலை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒன்றை உருவிப் போட்டு உட்கார்ந்தேன்.

"எல்லாரும் போலீஸ் ஸ்டேஷன் போயிருக்காங்க சார். நீங்க மலேசியாவிலேர்ந்து வர்ற மாமாதானே?" என்றார் அந்த அம்மா. நகை திருட்டுப் போய்விட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாண வீட்டில் வேறு எதற்குப் போலீஸ்?

எஸ்தர் அக்கா என் பெரியம்மா மகள். அவள் மகள் பெனிட்டாவுக்கு வார இறுதியில் கல்யாணம். எனக்கு ஊர் பினாங்குக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த். வேலை, வாகன விபத்துகளை விசாரித்து யார் மேல் தவறு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. யாருமே "நான் இடித்தேன்" என்று சொல்ல மாட்டார்கள். "வண்டி போய் இடிச்சிருச்சு" என்பார்கள். வண்டிக்கு என்னவோ சொந்தமாகப் புத்தி இருக்கிற மாதிரி.

விமானம் இறங்கும்போது எனக்கு முன்வரிசையில் இருந்த மலாய்த் தம்பதி சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். "இங்கே கூரைக்கும் கூரைக்கும் நடுவில் இடமே இல்லையே, மழை எங்கே விழும்?" என்று மனைவி மலாயில் கேட்டாள். "யார் தலையிலாவது விழும்" என்றான் கணவன். நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம்.

மதியம் தாண்டித்தான் அவர்கள் வந்தார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் அழுதாள். அத்தான் ஜெயசீலன் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுத்து ஓய்வுபெற்றவர். எந்தக் கலவரத்திலும் சட்டை கசங்காதவர். அன்றைக்குச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பெனிட்டா யார் முகத்தையும் பார்க்காமல் மாடிக்குப் போய்விட்டாள்.

"ட்ரோன் போய் ஒருத்தர் மேல விழுந்துடுச்சுப்பா" என்றார் அத்தான்.

போய் விழுந்துவிட்டதாம். எனக்கு ஆபீசில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளையையும் பெண்ணையும் வைத்து வீடியோ எடுப்பது இப்போது இங்கே வழக்கம். எங்கள் ஊரிலும் வந்துவிட்டது. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது, கொஞ்ச தூரத்தில் ஏர்போர்ட். ட்ரோனை வெளியில் எடுத்தாலே வம்பு. அதனால் அன்று விடியற்காலையில் கானாத்தூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்குப் போய், ஒரு ஃபைபர் படகைப் பேசி, கடலுக்குள் போயிருக்கிறார்கள். படம் எடுத்துத் திரும்பும் நேரத்தில், இன்னொரு படகில் வலை தூக்க வந்த மனிதரின் முகத்தில் ட்ரோன் இறங்கிவிட்டது. வலது கண்.

"ஊருக்குள்ள பறக்க விட்டாத்தானே ஆபத்து? கடல்ல ஆள் ஏதுப்பா? ஆளில்லாத இடம்னுதானே அங்க போனாங்க" என்றார் அத்தான். ஒரு தடவை அல்ல, சாயங்காலம் முழுக்க இதையே சொன்னார். தட்டில் முந்திரிக்கொத்து வைத்தார்கள். அது கல்யாணப் பலகாரம். யாரும் தொடவில்லை. நான் மட்டும் பசி தாங்காமல் இரண்டு தின்றேன்.

மறுநாள் என்னைத்தான் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். "நீ இந்த மாதிரி எத்தனை பார்த்திருப்பே. பக்குவமாப் பேசிட்டு வா" என்றார் அத்தான். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். எங்கள் குடும்பத்திலும் அந்த நியாயம் உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, இது கடற்கரை ஸ்டேஷனுக்குப் போகாது, பணிமனைக்குப் போகிறது என்று இறக்கிவிட்டார்கள். அடுத்த ரயிலில் ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு போனேன். பட்டர்வொர்த் படகுத்துறையில் கூட்டம் என்று நான் இவ்வளவு நாள் சலித்துக்கொண்டது எல்லாம் வீண் சலிப்பு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அடிபட்டவரின் மனைவி செல்வி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மீன் விற்கிற பெண். அன்றைக்குக் கூடை எடுக்கவில்லை. கணவர் பெயர் ஏழுமலை என்றும், முதல் நாளே ஆபரேஷன் முடிந்துவிட்டது என்றும் நர்சிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"நீ யாரு? வக்கீலா?" என்றார் செல்வி.

"கல்யாணப் பொண்ணுக்கு மாமாம்மா. பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"பாக்க இன்னா கீது? டாக்டரு சொல்ட்டாரு, அந்தக் கண்ணுல இனி பார்வ வராதுன்னு. அது சொல்லத்தான் காத்தாலருந்து குந்த வெச்சாங்க." அவ்வளவுதான் பேசினார். நான் மனதில் தயாரித்துக்கொண்டு வந்த பக்குவமெல்லாம் அங்கே உதவவில்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு இளைஞன் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன்தான் வினோத், ஊரப்பாக்கத்துக்காரன். இன்ஜினியரிங் படித்துவிட்டு, வேலை பிடிக்காமல் கேமராவை எடுத்தவன். ட்ரோன் அவனுடையது, போலீசில் கேசும் அவன் பேரில்தான். முதல் நாளிலிருந்து அங்கேயே இருக்கிறான். செல்வி அவனிடம் பேசுவதில்லை. ஆனால் டீ வேண்டுமானால் தூக்கை அவன் பக்கம் நகர்த்துவார். அவன் எழுந்து போய் வாங்கி வருவான்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கடையில் அவனுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். சாம்பாரில் முருங்கைக்காய்கூடப் போட்டிருந்தார்கள். அவன் இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், தின்னவில்லை. எப்படி நடந்தது என்று கேட்டேன்.

"சார், ட்ரோனுக்கு 'ரிட்டர்ன் டு ஹோம்'னு ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினா அது எங்கேயிருந்து கிளம்புச்சோ அந்த இடத்துக்கே தானா வந்து இறங்கிடும். தரையில அது நல்ல விஷயம். படகுல அப்படி இல்ல. படகு நகர்ந்துடும், ஆனா அதுக்கு வீடுன்னா கிளம்பின இடம்தான். வெளிச்சத்துக்காக நாங்க ரொம்ப தூரம் தள்ளிப் போயிட்டோம். அது பழைய இடத்துக்குத் திரும்பிப் போச்சு. அங்க அந்த அண்ணன் வந்து வலை தூக்கிட்டிருந்தாரு. அவர் படகு நிக்கறது அதுக்குத் தெரியாது."

"படகுன்னா அந்தப் பட்டனை அமுக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சார். படகுல எப்பவும் கையாலதான் பிடிப்போம். படகோட மூக்குல போய் நின்னு, ரெண்டு கையையும் இப்படித் தூக்கிப் பிடிப்போம். அன்னிக்கும் அப்படித்தான் போய் நின்னேன்."

நான் டீயைக் கீழே வைத்தேன். இருபது வருஷம் இந்த மாதிரிக் கதைகளைக் கேட்ட காது. "ரெண்டு கையும் மேல இருந்துச்சுன்னா, தம்பி, கன்ட்ரோலர் யார் கையில இருந்துச்சு?"

இட்லித் தட்டைத் தள்ளி வைத்தான். "என் கையிலதான் சார். ஸ்டேஷன்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்" என்றான். "எப்படிப் பார்த்தாலும் ஓட்டறவன் நான்தானே. யார் கையில குடுத்தாலும் குடுத்தது நான்."

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. படகில் இருந்தது நான்கே பேர். படகுக்காரர் பின்னால் மோட்டாரோடு, வினோத் முன்னால். நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும். இதைக் கண்டுபிடிக்க இன்சூரன்ஸ் மூளை தேவையில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தாம்பரத்தில் பேர்போன கடையிலிருந்து பிரியாணி வந்திருந்தது. நான் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டு, "பெனிட்டாவா, மாப்பிள்ளையா?" என்று மட்டும் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பெனிட்டா. அவன் பிடின்னு குடுத்துட்டுப் போனான். இவ கையில இருக்கும்போது அது கத்த ஆரம்பிச்சிருக்கு. பேட்டரி குறைஞ்சிடுச்சாம். ஸ்க்ரீன்ல வீட்டுக்குப் போகவான்னு கேட்டுச்சாம். சரின்னு அமுக்கியிருக்கா. வீட்டுக்குப் போகவான்னு கேட்டா யார்ப்பா வேணாம்னு சொல்லுவா?"

"அந்தப் பையன் பேர்ல கேஸ் இருக்கு அத்தான்."

"அவனே ஒத்துக்கிட்டான். நாங்க யாரும் கட்டாயப்படுத்தல. கல்யாணம் முடியட்டும்ப்பா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களே இதை வெளியில சொல்லாதீங்கன்னுதான் சொல்றாங்க. நாளைக்கழிச்சு கோயில்ல நிக்க வேண்டிய பொண்ணை ஸ்டேஷன்ல நிறுத்தச் சொல்றியா?"

எனக்குக் கோபம் வந்தது. இருந்தும், "சரி" என்றுதான் சொன்னேன். விருந்தாளியாக வந்தவன், அவர்கள் சோற்றைத் தின்றுகொண்டிருப்பவன் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பிரியாணி இன்றைக்கும் எனக்கு எட்டிக்காயாகத்தான் நினைவில் இருக்கிறது.

மறுநாள் கல்யாணத்துக்கு முதல் நாள். பூக்காரர் வந்தார், கேக்குக்காரர் வந்தார், பந்தல்காரர் திரும்பி வந்து மீதியைக் கட்டினார். காலையிலேயே பெனிட்டா என் அறைக் கதவைத் தட்டினாள். கையில் மருதாணி காய்ந்து உதிர்ந்திருந்தது.

"மாமா, என்கூட ஒரு இடத்துக்கு வர்றீங்களா? அம்மாகிட்ட ப்ளவுஸ் வாங்கப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. தெருமுனைக்கு வந்து ஆப்பில் டாக்சி கூப்பிட்டாள். ஒருவர் வருவதாகச் சொல்லி வரவில்லை. இன்னொருவர் வந்து, கானாத்தூர் என்றதும் திரும்பிப் போனார். கடைசியில் ஒரு ஆட்டோக்காரர் சம்மதித்தார். மேடவாக்கம் போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் தண்ணீர் லாரி குறுக்கே நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு லாரிகள். ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு, "பேஜாரு சார். இது தெனமும் கீறதுதான்" என்றார்.

அந்த நிறுத்தத்தில்தான் பெனிட்டா பேசினாள். "மாமா, வினோத் போன்ல சார்ஜ் இல்ல. அதனால கன்ட்ரோலர்ல என் போனைத்தான் மாட்டியிருந்தாங்க. ட்ரோன் பார்க்கறது எல்லாம் இதுல வந்து பதிவாயிடும். கடைசி வரைக்கும் இருக்கு. அப்பா அழிச்சிடுன்னு சொன்னார். என்னால அதைத் திறக்கவும் முடியல, அழிக்கவும் முடியல."

"இப்ப என்ன பண்ணப் போறே?"

"ஸ்டேஷன்ல குடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி அடிபட்டவரைப் பார்த்துச் சொல்லணும்."

"நாளைக்குக் கல்யாணம்."

"தெரியும் மாமா."

அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டிய வயது எனக்கு. லாரி நகர்ந்ததும் ஆட்டோக்காரரிடம், "சீக்கிரம் போங்க" என்றேன். அதுதான் என்னால் முடிந்தது.

குப்பத்தில் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள் வரிசையாக நின்றன. ஏழுமலையின் வீட்டைக் கேட்டதும் ஒரு அம்மாள் கையைக் காட்டிவிட்டு, பெனிட்டாவின் மருதாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு எதிரிலேயே கடல். நான் ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். எங்கு பார்த்தாலும் படகுகள். நடுநடுவே வலை இருக்கும் இடத்தைக் காட்டும் மிதவைகள், ஒவ்வொன்றிலும் குச்சி நட்டு ஒரு கிழிந்த துணிக்கொடி. ஆளில்லாத இடம் என்று அத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

ஏழுமலையை அன்று காலையில்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். வலது கண்ணில் வெள்ளைக் கட்டோடு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செல்வி உள்ளிருந்து வந்து, என்னை அடையாளம் கண்டு, பிறகு பெனிட்டாவைப் பார்த்தார்.

பெனிட்டா சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, கன்ட்ரோலர் என் கையிலதான் இருந்துச்சு. நான்தான் பட்டனை அமுக்கினேன். வினோத் இல்ல. இன்னிக்கு ஸ்டேஷன்ல சொல்லப் போறேன்."

"நான் அமுக்கினேன்." என் தொழிலில் நான் கேட்டே அறியாத வாக்கியம் அது. கேட்கும்போது மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

"சொல்ட்டியா?" என்றார் செல்வி. சத்தம் போடவில்லை. "இனிமே உனக்குத் தூக்கம் வரும். இவுரு இப்பக் கொஞ்சம் முன்னாடி சொம்புல தண்ணி ஊத்தறேன்னு வெளியில ஊத்திகினு நிக்கிறாரு. சொம்பு ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம். கடல்ல எப்டிக் கயிறு புடிப்பாரு? அதுக்கு இன்னா சொல்ற?"

பெனிட்டா அழுதாள். செல்வி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், சமாதானப்படுத்தவில்லை.

"இரு செல்வி" என்றார் ஏழுமலை. முகத்தைத் திருப்பி இடது கண்ணால் என்னைப் பார்த்தார். "சார், ஒண்ணு கேக்கணும். அது இன்னாத்துக்கு என்னாண்ட வந்துச்சு? எல்லாரையும் கேட்டுட்டேன். ஒருத்தரும் சொல்லல."

வினோத் எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். அது கிளம்பிய இடத்தைத்தான் வீடு என்று நினைத்துக்கொள்ளும், அந்த இடத்தில் உங்கள் படகு இருந்தது என்றேன்.

"அப்டியா?" என்றார். "நான் வேற மாதிரி நெனச்சிகினேன். எங்க கோயில் திருவிழாவுல இந்த மாதிரி ஒண்ணு வந்துச்சு. மேலேருந்து எறங்கி எறங்கி, ஒவ்வொருத்தர் மூஞ்சாண்டயும் நின்னு படம் புடிச்சிகினு போச்சு. இதுவும் எறங்குச்சா, நம்மளத்தான் புடிக்க வருதுன்னு நெனச்சிட்டேன். தலையில கட்டியிருந்த துண்ட அவுத்தேன். முடிய ஒதுக்கிகினு நின்னேன். குனிஞ்சிருக்கலாம், தண்ணில குதிச்சிருக்கலாம். எனக்குத் தோணவே இல்ல சார். சிரிச்சிகினு நின்னேன்."

நான் இதுவரை எழுதிய அறிக்கை எதிலும், அடிபட்டவர் எதைப் பார்த்துச் சிரித்தார் என்று கேட்பதற்கு ஒரு கட்டம் இருந்ததில்லை. எனக்கு அங்கிருந்து போய்விட வேண்டும் போலிருந்தது.

"படம் வந்துச்சா?" என்று பெனிட்டாவைக் கேட்டார் ஏழுமலை.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போனைத் திறந்து, அவர் இடது பக்கமாகப் போய் முட்டி போட்டு உட்கார்ந்து, காட்டினாள். செல்வியும் குனிந்தார். கேமரா நேராகக் கீழே பார்த்தபடி இருந்தது. முதலில் தண்ணீர் மட்டும். பிறகு ஓரத்தில் ஒரு சின்னப் படகு நடுவுக்கு வந்து, பெரிதாகிக்கொண்டே போனது. அதில் வலையை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் இழுப்பதை விட்டுவிட்டு மேலே பார்த்தார். துண்டை அவிழ்த்தார். ஈரக் கையால் தலைமுடியை ஒதுக்கினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பல் தெரிய, நேராகப் பார்த்துச் சிரித்தார்.

செல்வியின் கை வந்து படத்தை நிறுத்தியது. அதற்கு மேல் ஓடவிடவில்லை. திரையில் அந்த முகம் அப்படியே நின்றது. ஏழுமலை தலையைச் சாய்த்து, கண்ணைக் கிட்டத்தில் கொண்டுபோய், வெகுநேரம் பார்த்தார்.

"போலீசாண்ட குடுக்கறதுக்கு முன்ன எனக்கு இந்த எடத்த மட்டும் போட்டோவா எடுத்துக் குடு" என்றார் செல்வி. பெனிட்டாவை அல்ல, படத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "எங்க கல்யாண போட்டோலகூட மூஞ்சத் தூக்கி வெச்சிகினுதான் நின்னாரு. இவுரு சிரிச்ச படம் எங்களாண்ட இது ஒண்ணுதான்."

பெனிட்டா எடுத்துக் கொடுத்தாள். பிறகு நாங்கள் காவல் நிலையத்துக்குப் போனோம்.